பள்ளியும் பட்டறையும்

நுழையும் முன்

கல்வி என்றதும் நம் நினைவுக்கு வருவன நூலும் எழுதுகோலும் கரும்பலகையுமே. ஆயினும், நாம் நாள்தோறும் ஏறிவரும் பேருந்து, வீட்டில் நீர் இறைக்கும் மோட்டார், விண்ணைக் கிழித்துச் செல்லும் ஏவூர்தி ஆகிய யாவும் நூலறிவோடு கையறிவும் சேர்ந்த இடத்தில் பிறந்தவை. அக்கையறிவு எங்கே கற்பிக்கப்படுகிறது? கல்விக்கூடமும் தொழிற்சாலையும் அதன்பொருட்டு எவ்வாறு கைகோக்கின்றன? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

ஒரு மாணவரின் வினா

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிய நாள் ஒன்றில் மேற்படிப்பைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தோம். மருத்துவம், பொறியியல், பட்டயக் கணக்கர் படிப்பு என ஒவ்வொருவரும் தம் விருப்பத்தைக் கூறிவந்தனர். கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கலாம் என்று எண்ணுகிறேன்" என்றார். சிலர் சிரித்தனர். அவர் முகம் வாடியது. ஆயினும் அவர் அமரவில்லை.

"எங்கள் அப்பா வேண்டாம் என்கிறார், ஐயா. 'ஊரை விட்டு வந்து, சாலைக் கடைவீதியில் இரும்புக் கட்டுகளைச் சுமந்து உன்னைப் படிக்க வைக்கிறேனே. நீயும் இரும்பைத் தொடுவதற்கா?' என்று கேட்கிறார். அது தாழ்ந்த படிப்பா, ஐயா?" என்று வினவினார்.

அதற்குள் மணி அடித்துவிட்டது. ஓரிரு சொற்களில் ஆறுதல் கூறினேனே தவிர, முழு விடை கூற இயலவில்லை. அன்று கூறாமல் விட்ட விடையே இப்பாடம்.

தந்தையிடம் மகன் கற்ற காலம்

நம் திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, நாகர்கோவில் செல்லும் வழியில், பாலராமபுரம் என்னும் ஊர் உள்ளது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் நெசவாளர் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. இன்றைய தமிழ்நாட்டின் தென்பகுதியிலிருந்து வந்த அவர்கள் தம்முடன் கொண்டுவந்த பெருஞ்செல்வம் குழித்தறியில் நெய்யும் திறமே. நம்மைப் போன்றே ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் அவர்கள். அவர்கள் கைத்திறன் ஓர் ஊருக்கே புகழ் தேடித் தந்தது.

அத்திறனை அவர்கள் எப்பள்ளியில் கற்றனர்? வீடே பள்ளி, தந்தையே ஆசிரியர். சிறுவன் முதலில் நூல் சுற்றுவான். பிறகு பாவு ஓட்ட உதவுவான். பல ஆண்டுகள் சென்றபின் தறியில் அமர்வான். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஐம்பொன் திருமேனி வார்க்கும் சிற்பியரும் இவ்வாறே தலைமுறை தலைமுறையாகக் கற்றனர்.

இம்முறைக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. கற்பதும் செய்வதும் ஒன்றாகவே நிகழ்ந்தன. அதே முறைக்கு ஒரு பெருங்குறையும் உண்டு. எக்குடியில் பிறந்தாரோ அக்குடித் தொழிலை மட்டுமே ஒருவர் கற்க முடிந்தது. கொல்லர் வீட்டுப் பிள்ளை நெசவைக் கற்க இயலாது; உழவர் வீட்டுப் பிள்ளை உலைக்களத்தை நெருங்க இயலாது. பெண்களுக்கோ பெரும்பாலான பட்டறைகளின் கதவுகள் அடைபட்டே இருந்தன. கற்றவர் கையில் எவரும் ஏற்கத்தக்க சான்றிதழும் இல்லை.

தொழிலைப் பிறப்பிலிருந்து பிரித்து, விரும்பும் எவரும் கற்கக்கூடிய கல்வியாக மாற்ற வேண்டும் என்னும் தேவை இவ்வாறு எழுந்தது.

தமிழகத்தின் முன்னோடிகள்

சென்னையில் 1850-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் கலைத்தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வழிவந்ததே. அப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் 1898-இல் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். அலுமினியம் அன்று நம் மக்களுக்குப் புதிய உலோகம். பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கைகள் பள்ளியின் பட்டறையிலேயே அதனைத் தட்டி வடிவமைக்கக் கற்றன. பாத்திரங்கள் விற்பனையாயின, பின்னர் அத்தொழிலைத் தனி நிறுவனம் ஒன்று ஏற்று நடத்தியது. பள்ளியில் பிறந்த பயிற்சி, ஊரில் ஒரு தொழிலாக வளர்ந்தமைக்கு இது நல்ல சான்று.

அடுத்த சான்று கோயம்புத்தூரில் உள்ளது. பீளமேட்டைச் சேர்ந்த சகோதரர் நால்வர் தம் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாம் பங்கை அறத்திற்கென ஒதுக்கினர். அவ்வாறு 1926-இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் உருவாயிற்று. அதன் சார்பில் தொழிற்கூடம் ஒன்றும் நிறுவப்பட்டது. 1939-இல் பல்தொழில்நுட்பக் கல்லூரியும், 1951-இல் பொறியியல் கல்லூரியும் அதனை ஒட்டி எழுந்தன. நீரேற்றிகளும் மோட்டார்களும் செய்யும் தொழிற்கூடம் ஒருபுறம், வகுப்பறைகள் மறுபுறம். காலையில் கரும்பலகையில் கற்ற கணக்கை மாலையில் இரும்பில் செய்து பார்க்க மாணவருக்கு வாய்ப்புக் கிட்டியது. வகுப்பும் தொழிற்கூடமும் மாறி மாறி வரும் இத்தகைய படிப்பை 'இடையீட்டுப் பயிற்சிப் படிப்பு' எனலாம். கோவை நகரம் நீரேற்றிகளுக்குப் பெயர்பெற்ற தொழில் நகரமாக வளர்ந்ததில் இத்தகைய கல்விக்குப் பெரும்பங்கு உண்டு.

நமது கேரளத்திலும் ஒரு சிறந்த முன்னோடி உண்டு. தலைச்சேரியை அடுத்த நெட்டூரில், சுவிட்சர்லாந்து நாட்டவரின் உதவியுடன் 1959-இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் அது. தொழிற்சாலைகளுக்கு வேண்டிய அச்சுகளையும் கருவிகளையும் செய்வோரை உருவாக்குவதே அதன் நோக்கம். பின்னாளில் அது பிற மாநிலங்களிலும் கிளைகளைப் பரப்பியது.

தொழிற்பயிற்சி நிலையம்

நாடு விடுதலை பெற்றபின், 1950-ஆம் ஆண்டில் நடுவண் அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின்கீழ் நாடெங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் தோன்றின. 'ஐ.டி.ஐ.' என்று மக்கள் சுருக்கமாக வழங்குவது இந்நிலையத்தையே. எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்து, 14 வயது நிரம்பியவர் இதில் சேரலாம். தொழிற்பிரிவுக்கு ஏற்ப ஓராண்டு அல்லது ஈராண்டு பயில வேண்டும். பொருத்துநர், கடைசலர், இயந்திர வினைஞர், மின்பணியாளர் ஆகிய பிரிவுகளுக்கு ஈராண்டு. பற்றவைப்பவர் பிரிவுக்கு ஓராண்டு. பட்டறையில் இவர்களை ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், வெல்டர் என்றே அழைப்பர். அனைத்திந்தியத் தொழிற்தேர்வில் வென்றவருக்கு வழங்கப்படும் தேசியத் தொழிற்சான்றிதழ் நாடு முழுவதும் செல்லுபடியாகும்.

பொருத்துநர் பிரிவில் சேரும் மாணவர் முதலில் என்ன செய்வார்? ஓர் இரும்புத் துண்டை வைஸ் என்னும் பிடிகருவியில் இறுக்கி, அரத்தால் அராவத் தொடங்குவார். பார்ப்பதற்கு எளிய வேலை. ஆனால் பழகாத கை ஆடும். அதனால் துண்டின் நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் தாழ்வாகவும் அமைந்துவிடும். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஒளிக்கு நேரே பிடித்தால், இடைவெளி வழியாக வெளிச்சம் கசியும். "வெளிச்சம் தெரிகிறது, மீண்டும் அராவு" என்பார் பயிற்றுநர். வெளிச்சம் தெரியாத நாள் வரும்வரை மாணவர் அராவிக்கொண்டே இருப்பார். பின்னர் வெர்னியர் அளவியைக் கையில் எடுப்பார். அது 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கவல்லது. மனிதத் தலைமுடியின் தடிப்பே ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் என்றால், அந்நுட்பத்தை நீங்களே உணரலாம்.

இவ்வேலையில் கணிதம் உண்டு; அளவியல் உண்டு; வரைபடம் படிக்கும் அறிவு உண்டு; உலோகங்களின் இயல்பைப் பற்றிய அறிவியலும் உண்டு. எனவே, 'படிப்பு வராதவர் செல்லும் இடம்' என்று இதனைக் கூறுவது அறியாமையின் பாற்பட்டது.

தொழிற்சாலையே வகுப்பறை

பயிற்சி நிலையத்தில் உள்ள இயந்திரங்கள் சில. தொழிற்சாலையில் உள்ளவையோ பல. நிலையத்தில் ஒரு துண்டைப் பிழையின்றிச் செய்தால் போதும். தொழிற்சாலையில் அதே துண்டை நாள்முழுதும், ஒன்றுபோலவே, குறித்த நேரத்தில் செய்ய வேண்டும். இவ்விடைவெளியை நிரப்ப வந்ததே தொழில் பழகுநர் பயிற்சி.

இதற்கென நம் நாடாளுமன்றம் 1961-ஆம் ஆண்டில் பழகுநர் சட்டத்தை இயற்றியது. தொடக்கத்தில் கைவினைத் தொழில்களுக்கு மட்டும் உரியதாக இருந்த இச்சட்டம், 1973-இல் திருத்தப்பட்டபின் பட்டயமும் பட்டமும் பெற்றவர்களையும் தழுவியது. இன்றைய விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரையிலான பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக் காலத்தில் பழகுநருக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. அத்தொகையில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. பயிற்சி முடிந்து தேர்வில் வென்றவர் தேசியப் பழகுநர் சான்றிதழ் பெறுவார்.

அதே 2016-ஆம் ஆண்டில் இரட்டைப் பயிற்சி முறை என்னும் மற்றொரு திட்டமும் நம் நாட்டில் அறிமுகமாயிற்று. இதில் ஐ.டி.ஐ.யும் ஒரு தொழிற்சாலையும் உடன்படிக்கை செய்துகொள்ளும். மாணவர் அடிப்படையை நிலையத்தில் கற்பார். பின்னர்க் குறிப்பிட்ட மாதங்கள் தொழிற்சாலையில் பயில்வார். படிப்பு முடிந்தபின் தொழிற்சாலைக்குச் செல்வதன்று. படிப்பின் ஒரு பகுதியே தொழிற்சாலையில் நிகழ்கிறது.

இம்முறைக்கு முன்மாதிரி ஜெர்மனி நாடு. அங்கே மாணவர் ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்வார். வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் ஏனைய நாள்கள் நிறுவனத்திலும் பயில்வார். பல தொழில்களில் இப்பயிற்சி மூன்று அல்லது மூன்றரை ஆண்டுகள் நீடிக்கும். இதனை முறைப்படுத்தும் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. உலகப் புகழ்பெற்ற ஜெர்மானிய இயந்திரங்களுக்குப் பின்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் இவ்வாறு பயின்றவர்களே.

சமுதாயக் கல்லூரி

மற்றொரு வழியும் உண்டு. அது சமுதாயக் கல்லூரி. ஒரு வட்டாரத்து மக்களுக்கு, அவ்வட்டாரத்தில் கிடைக்கும் வேலைக்கு வேண்டிய கல்வியை, குறைந்த செலவில், குறுகிய காலத்தில் தருவதே இதன் நோக்கம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்னும் ஊரில் 1901-இல் தொடங்கப்பட்ட கல்லூரியே அந்நாட்டுப் பொதுச் சமுதாயக் கல்லூரிகளுள் முதன்மையானது எனக் கருதப்படுகிறது. பின்னாளில் கென்டக்கி மாநிலத்தில் டொயோட்டா நிறுவனமும் அங்குள்ள சமுதாயக் கல்லூரி ஒன்றும் இணைந்து, வாரத்தில் இரு நாள் கல்லூரி, மூன்று நாள் தொழிற்சாலை என்னும் பயிற்சியை நடத்தின. கற்கும்போதே ஊதியமும் பெற்றமையால், மாணவர் பலர் கடன் இன்றிப் படிப்பை முடித்தனர்.

நம் நாட்டில் இக்கருத்து முதலில் வேரூன்றியது தமிழ் மண்ணிலேயே. 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் புதுச்சேரியில் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னையிலும் ஒன்று தோன்றியது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர், வறுமையால் கல்லூரி வாயிலை மிதிக்க இயலாதவர் ஆகியோருக்கு இக்கல்லூரிகள் கதவைத் திறந்தன. வாழ்வியல் திறன், தொழில் திறன், நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி ஆகிய மூன்றையும் இவை இணைத்துக் கற்பித்தன. பயிற்சி தரும் நிறுவனமே மாணவரின் திறனை மதிப்பிடுவதிலும் பங்கேற்றது. ஆகவே, 'இவருக்கு என்ன தெரியும்?' என்று வேலை தருபவர் தனியே வினவ வேண்டியதில்லை. கற்பிக்கும்போதே அவர் அருகில் இருந்து பார்த்துவிடுகிறார்.

நம் நகரின் பட்டறைகள்

திருவனந்தபுரம் என்றதும் திருக்கோயிலும் தலைமைச் செயலகமும் நம் கண்முன் தோன்றும். ஆயினும் இது தொழில் நகரமும் ஆகும். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தும்பாக் கடற்கரையிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ஏவூர்தி விண்ணில் பாய்ந்தது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் தம் பணியின் சிறந்த ஆண்டுகள் பலவற்றைக் கழித்ததும் இந்நகரிலேதான். அவரைப் போன்ற அறிவியலறிஞர்களை நாம் அறிவோம். ஆனால் அவர்கள் தாளில் வரைந்ததை உலோகத்தில் வடித்தவர்கள் யார்? கடைசலரும் பொருத்துநரும் பற்றவைப்பவரும் அல்லரோ? பற்றவைத்த இடத்தில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் ஏவூர்தி தன் இலக்கை அடையாது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இன்றும் ஐ.டி.ஐ. படித்தவர்களைத் தொழில்நுட்பர்களாகப் பணியில் அமர்த்துகிறது, பழகுநர்களையும் சேர்த்துக்கொள்கிறது.

நகரின் சாக்கைப் பகுதியில் அரசு ஐ.டி.ஐ. அமைந்துள்ளது. அதே பகுதியில்தான் பிரமோஸ் நிறுவனத்தின் தொழிற்கூடமும் இயங்குகிறது. கழக்கூட்டத்தில் பெண்களுக்கெனத் தனி அரசு ஐ.டி.ஐ. உண்டு. வேளியை ஒட்டிய பகுதியில் திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை உள்ளது. பேரூர்க்கடையில் எச்.எல்.எல். நிறுவனத்தின் தொழிற்சாலை உள்ளது. பள்ளிப் பேருந்தின் சாளரம் வழியாக நாம் கடந்து செல்லும் இம்மதில்களுக்கு உள்ளே எத்தனையோ கைகள் நுட்பமான பணிகளைச் செய்துகொண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் புதிய மாற்றம்

காலம் மாறுந்தோறும் பட்டறையும் மாறுகிறது. அரத்தையும் சுத்தியலையும் மட்டும் அறிந்தவர்க்கு இன்றைய தொழிற்சாலை போதிய இடம் தருவதில்லை. கணினி கட்டுப்படுத்தும் கடைசல் இயந்திரங்களும் எந்திரக் கரங்களும் அங்கே நிறைந்துள்ளன. பழைய இயந்திரங்களைக் கொண்டு பழைய பாடத்தையே நடத்தும் நிலையங்களில் பயின்றவர், தொழிற்சாலை வாயிலில் திகைத்து நிற்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்றத் தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தரம் உயர்த்தும் திட்டம் அது. 2023 முதல் புதிய தொழில்நுட்ப மையங்கள் திறக்கப்பட்டன. எந்திரக் கரங்களை இயக்குதல், கணினி வழி உலோகம் கடைதல், மின்வாகனம் பழுதுபார்த்தல் முதலிய புதிய பிரிவுகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன.

பெண்களின் நிலையிலும் மாற்றம் வந்துள்ளது. ஓசூரில் அசோக் லேலண்ட் நிறுவனம் 2023-இல் பெண்கள் மட்டுமே பணிபுரியும் உற்பத்திப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. எனவே மாணவியரும் இப்பாடத்தைத் தமக்கு உரியதன்று எனக் கருத வேண்டா.

கூட்டுறவால் யாருக்கு என்ன பயன்?

பள்ளியும் பட்டறையும் இணைவதால் மூவர் பயன் பெறுகின்றனர்.

முதலாவது, மாணவர். தம் பெற்றோருக்குச் சுமையாகாமல், கற்கும் காலத்திலேயே உதவித்தொகை பெறுகிறார். உண்மையான இயந்திரத்தில் பழகுவதால் அவர் அச்சம் நீங்குகிறது.

இரண்டாவது, தொழிற்சாலை. தனக்கு வேண்டிய திறனைத் தன் கண்முன்னே உருவாக்கிக்கொள்கிறது. புதியவரைப் பணியில் அமர்த்திப் பல மாதம் பழக்க வேண்டிய செலவு குறைகிறது.

மூன்றாவது, பயிற்சி நிலையம். தொழிலில் எது மாறியுள்ளது என்பதை உடனுக்குடன் அறிந்து பாடத்தைத் திருத்திக்கொள்கிறது. பயிற்றுநரும் ஆலைக்குச் சென்று தம் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள வாய்ப்புப் பெறுகிறார்.

சேர்வதற்கு முன் சிந்திக்க

எந்நன்மையும் குறையே இல்லாமல் வருவதில்லை. பயிற்சி என்னும் பெயரால் குறைந்த தொகைக்கு வேலை வாங்கும் இடங்களும் உண்டு. இயந்திரத்தின் அருகே விடாமல், ஆண்டு முழுவதும் பெட்டி சுமக்கவும் தரை கூட்டவும் வைத்தால், அது பயிற்சி ஆகாது. எனவே சேர்வதற்கு முன் சில செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும்.

சட்டத்தின் பார்வையில் பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே. அவர் தொழிலாளர் அல்லர். ஆயினும் அவருடைய உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு நிறுவனமே பொறுப்பு. பயிற்சியின்போது விபத்தால் காயமுற்றால் இழப்பீடு பெறும் உரிமை அவருக்கு உண்டு. பயிற்சி ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, முறைப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பயிற்சி முடிந்தபின் வேலை தந்தே தீர வேண்டும் என்னும் கட்டாயம், ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதப்பட்டிருந்தால் ஒழிய, நிறுவனத்திற்கு இல்லை. இதனைத் தொடக்கத்திலேயே தெளிவாக அறிந்திருந்தால் பின்னர் ஏமாற்றம் நேராது.

ஆகவே, ஒரு நிலையத்தில் சேரும் முன் பின்வரும் வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள்:

அந்நிலையம் அரசின் ஏற்பைப் பெற்றுள்ளதா? எந்தத் தொழிற்சாலையுடன் அதற்கு உடன்படிக்கை உண்டு? உதவித்தொகை எவ்வளவு? இயந்திரத்தில் எத்தனை மணி நேரம் பழகலாம்? பாதுகாப்புக் கண்ணாடியும் காலணியும் தரப்படுகின்றனவா? முடிவில் கிடைக்கும் சான்றிதழ் எது? சென்ற ஆண்டு பயின்றவர்கள் இப்போது எங்கே பணிபுரிகின்றனர்?

கடைசி வினாவே தலையாயது. பயின்று சென்ற ஓரிருவரையேனும் நேரில் கண்டு பேசுங்கள். விளம்பரம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

கல்வி ஏணி

'ஐ.டி.ஐ. சென்றால் மேற்படிப்பு முடிந்துவிடும்' என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஐ.டி.ஐ. முடித்தவர் பல்தொழில்நுட்பக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அங்குப் பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழித்தேர்வுகளிலும் வென்றால், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறவும் வழி உண்டு. ஏணியின் படிகள் வெவ்வேறு, ஏணி ஒன்றே. கையால் தொட்டு அறிந்த பின் பொறியியல் கற்பவர், தாளில் மட்டும் கற்றவரைவிடச் சில இடங்களில் தெளிவாகவும் விளங்குவார்.

நிறைவுரை

'இரும்பு பிடித்த கை சும்மா இராது' என்பது நம் ஊர்ப் பழமொழி. அதனைக் கேலியாகவே பலரும் கூறுவர். சற்று மாற்றிச் சிந்தித்தால், அது ஒரு பாராட்டே ஆகும். தொழில் அறிந்த கை எந்த ஊரிலும் சும்மா இருக்க வேண்டியதில்லை. மொழி தெரியாத ஊரிலும் மூலைமட்டம் ஒன்றே, மில்லிமீட்டர் ஒன்றே. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நம் பெற்றோருக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

அம்மாணவரின் தந்தை கேட்ட கேள்வியிலும் உண்மை உண்டு. தம் தோள் அறிந்த வலியைத் தம் மகன் அறியக்கூடாது என்று அவர் விரும்புகிறார். அவ்விருப்பத்தை மதிக்க வேண்டும். ஆனால் இரும்பைச் சுமப்பது வேறு. இரும்பை ஆள்வது வேறு. முன்னதற்கு வலிமை போதும். பின்னதற்குக் கல்வி வேண்டும். தந்தைக்குக் கிட்டாத அக்கல்வியே மகன் நாடுவது.

சென்ற மாதம் அம்மாணவர் தம் தந்தையை அழைத்துக்கொண்டு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றைப் பார்த்து வந்தார். பட்டறையில் ஒரு மாணவர் தாம் அராவிய துண்டின்மேல் மூலைமட்டத்தை வைத்து ஒளிக்கு நேரே பிடித்துக் காட்டினாராம். தந்தை அதனைக் கையில் வாங்கி, நெடுநேரம் கண்ணருகே வைத்துப் பார்த்தாராம். "வெளிச்சம் தெரியவில்லையே" என்றாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. முடிவை அவர்கள் இன்னும் எடுக்கவில்லை.

எதைப் படிப்பது என்னும் முடிவு அவரவர்க்கு உரியது. அம்முடிவு சிரிப்புக்கு அஞ்சி எடுக்கப்படுவதாக இருத்தல் கூடாது. அறிந்து எடுக்கப்படுவதாக இருத்தல் வேண்டும். வகுப்பில் ஒருவர் தம் விருப்பத்தைக் கூறும்போது சிரிக்காமல் கேட்பதும் நாம் கற்க வேண்டிய பாடமே.

அருஞ்சொற்பொருள்

ஏவூர்தி – விண்ணில் செலுத்தப்படும் ஊர்தி, ராக்கெட்
பழகுநர் – பணியிடத்தில் இருந்து தொழில் கற்பவர்
பயிற்றுநர் – பயிற்சி அளிப்பவர்
உடன்படிக்கை – இரு தரப்பார் செய்துகொள்ளும் ஒப்பந்தம்
அராவுதல் – அரத்தால் தேய்த்தல்
மூலைமட்டம் – செங்கோணத்தைச் சரிபார்க்கும் கருவி
நீரேற்றி – நீர் இறைக்கும் பம்பு

இலக்கணக் குறிப்பு

பள்ளியும் பட்டறையும் – எண்ணும்மை
கற்றவர் – வினையாலணையும் பெயர்
பெருஞ்செல்வம் – பண்புத்தொகை
தொழிற்பயிற்சி – தொழில் + பயிற்சி (வருமொழியில் வல்லினம் வர, லகரம் றகரமாகத் திரிந்தது)

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பாலராமபுரத்தில் நெசவாளர்கள் எவர் காலத்தில் குடியமர்த்தப்பட்டனர்?
2. பழகுநர் சட்டம் எந்த ஆண்டு இயற்றப்பட்டது?
3. அராவிய பரப்பு சமமாக உள்ளதா என்பதை மூலைமட்டத்தால் எவ்வாறு அறியலாம்?

ஆ. சுருக்கமாக விடை தருக.
1. தந்தையிடம் மகன் தொழில் கற்ற முறையின் சிறப்பையும் குறையையும் கூறுக.
2. இரட்டைப் பயிற்சி முறை என்றால் என்ன?
3. 'இரும்பைச் சுமப்பது வேறு. இரும்பை ஆள்வது வேறு' – இத்தொடரை விளக்குக.

இ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கைத்தொழில் அறிந்த ஒருவரிடம் உரையாடுக. அவர் தம் தொழிலை எவரிடம், எத்தனை ஆண்டுகள் கற்றார்? அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்கள் யாவை? அவற்றைத் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.